ஏடில்லாச் சமயம் ஊட்டிய ஒழுக்கம்

சமயக் கல்வி என்றவுடன் நம் உள்ளத்திலே தோன்றுவன யாவை? ஒரு திருநூல், அதனை விளக்கும் ஆசிரியர், அவர்முன் அமர்ந்திருக்கும் மாணாக்கர், வாரத்துக்கு இத்தனை பாடவேளை என்று வகுத்து வைத்த நேரசூசி. இந்நான்கினையும் நீக்கிவிட்டால் எஞ்சுவதைச் சமயக் கல்வி என்று எவ்வாறு அழைப்பது என நாம் திகைப்போம். ஆனால், ஆபிரிக்காக் கண்டத்தின் பெரும்பகுதியிலே இந்நான்கும் இன்றியே சமயம் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்து வந்தது. அங்கும் பிள்ளைகள் பொய்யாமையைக் கற்றனர், பகிர்ந்துண்ணக் கற்றனர், மூத்தோரைப் பேணவும் நோவைப் பொறுக்கவும் கற்றனர். அக்கல்வி எவ்வாறு நடைபெற்றது என்பதையும், அதனை மாற்ற முயன்றபோது என்ன நேர்ந்தது என்பதையும் பற்றி இன்று நேயர்களுக்குச் சில கூறக் கருதுகின்றேன்.

தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. ஆபிரிக்கா ஒரு நாடன்று. 54 நாடுகளைக் கொண்ட கண்டம். ஏறத்தாழ 2,000 மொழிகள் அங்கே வழங்குகின்றன. ஆதலின் 'ஆபிரிக்கரின் சமயம்' என்று ஒருமையிலே பேசுவது, 'ஆசியரின் உணவு' என்று பேசுவதைப் போன்றதே. எனினும், பலவாகக் கிடக்கும் அச்சமயங்களுக்கிடையே சில பொதுப் பண்புகளைக் கண்டு காட்டிய அறிஞர் உளர். அவருள் ஒருவர் யோன் எம்பிட்டி என்பவர். கெனியாவிலே 1931 ஆம் ஆண்டிற் பிறந்த இவர், அங்கிலிக்கன் திருச்சபைக் குருவாக இருந்துகொண்டே தம் முன்னோரின் சமயங்களை ஆராய்ந்தார். 1969 இல் அவர் வெளியிட்ட நூல் பல்கலைக்கழகங்களிலெல்லாம் பாடநூலாயிற்று. இச்சமயங்களுக்கு நிறுவியவர் என்று ஒருவரும் இல்லை. எழுதப்பட்ட மறை இல்லை. பிறரைத் தம் சமயத்துக்கு மாற்றும் முயற்சியும் இல்லை. ஒருவன் தன் குலத்திலே பிறந்து, அக்குலத்தின் சடங்குகளிற் பங்குகொள்வதனாலேயே சமயியாகின்றான் என்பது அவர் எடுத்துக் காட்டிய கருத்து. அவ்வாறாயின், சமயக் கல்வியும் குலத்தில் வளரும் கல்வியும் வேறு வேறு அல்ல என்பது பெறப்படுகின்றது.

இதற்கோர் எடுத்துக்காட்டு மேற்காபிரிக்காவிலிருந்து கூறுகின்றேன். கானா நாட்டிலே அக்கான் என்னும் மக்கள் வாழ்கின்றனர். குழந்தை பிறந்த எட்டாம் நாள் அதிகாலையில் அதற்குப் பெயரிடுவது அவர்தம் வழக்கம். குலத்து முதியவர் ஒருவர் குழந்தையை மடியில் வைத்து, அதன் நாவிலே ஒரு துளி நீரை விடுவார். பின்னர் ஒரு துளி மதுவை விடுவார். நீரை நீரென்றே சொல், மதுவை மதுவென்றே சொல் என்று அக்குழந்தைக்கு அறிவுறுத்துவார். எட்டு நாட் குழவிக்கு இது விளங்குமா என்று கேட்கலாம். விளங்காதுதான். ஆனால் சூழநிற்கும் அண்ணன்மாரும் அக்காமாரும் அச்சொற்களைக் கேட்கின்றனர். தம் நாவிலும் இவ்வாறே இருதுளி விடப்பட்டது என்பதை அறிகின்றனர். பின்னொரு நாள் பொய் சொல்லி அகப்படும் சிறுவனுக்கு, உன் நாவிலே விட்ட நீர் எங்கே போயிற்று என்று கேட்க வீட்டிலுள்ளோருக்கு ஒரு வாய்ப்பும் இருக்கின்றது. சடங்கு குழந்தைக்கென நடத்தப்படினும், பாடம் முற்றத்திலே கூடிநிற்கும் அனைவருக்குமே.

இம்மக்களிடையே பிறந்த கிழமையைக் கொண்டு பெயரிடுதலும் உண்டு. வெள்ளியிற் பிறந்த ஆண் கோபி. சனியிற் பிறந்தவன் குவாமே. ஐக்கிய நாடுகள் சபையின் செயலாளர் நாயகமாக விளங்கிய கோபி அனான் 1938 ஏப்பிரில் 8 ஆம் நாள், வெள்ளிக்கிழமையன்று பிறந்தவர்.

நிற்க. இன்றைய பேச்சிலே நான் விரிவாகக் கூற விரும்புவது கிழக்காபிரிக்காவிலே, கெனியாவின் நடு மேட்டுநிலத்திலே வாழும் கிக்குயூ மக்களைப் பற்றியே. இவர்களைத் தெரிந்துகொண்டமைக்குக் காரணம் இரண்டு. ஒன்று, இவர்தம் பழைய கல்விமுறையைப் பற்றி இவர்களுள் ஒருவரே எழுதிவைத்திருக்கின்றார். மற்றொன்று, சமயமும் ஒழுக்கமும் கல்வியும் ஒன்றோடொன்று மோதிய பெரும் பூசல் ஒன்று இவர் நாட்டிலேதான் நடந்தது.

எழுதியவர் யோமோ கெனியாத்தா. பிற்காலத்திலே கெனியக் குடியரசின் முதற் சனாதிபதியான அதே கெனியாத்தாதான். இலண்டனிலே மலினோவ்ஸ்கி என்னும் புகழ்பெற்ற மானிடவியற் பேராசிரியரிடம் பயின்று, 1938 இல் தம் குலத்து வாழ்வைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஆசிரியரே அந்நூலுக்கு முன்னுரை வழங்கினார். நூலினுள் கல்விக்கென்றே ஓர் இயல் உண்டு. ஆயினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. கெனியாத்தா அரசியலாளர். வெள்ளையர் ஆட்சியின் முன்னிலையிலே தம் மக்களுக்காக வழக்குரைக்கும் நோக்குடன் எழுதியவர். ஆகையால், தம் ஊரின் முற்றத்தைப் பெருக்கி மெழுகிக் கோலமிட்ட பின்னரே விருந்தினருக்குக் காட்டுகின்றார். அவர் கூறுவதை மறுக்க வேண்டியதில்லை. பெருக்கிய குப்பை வேறொரு மூலையிலே கிடக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு கேட்பது நன்று.

கிக்குயூ நாட்டின் வடபுலத்திலே 5,199 மீற்றர் உயர்ந்து, பனி மூடிய முடியோடு நிற்பது கிரிஞாகா என்னும் மலை. நிலவுலக நூலார் அதனைக் கெனியா மலை என்பர். இறைவன் ஒருவனே, அவன் பெயர் ங்காய், அவன் நிலவுலகுக்கு வரும்போது தங்குமிடம் அம்மலை என்பது கிக்குயூ மக்களின் நம்பிக்கை. ஆதியிலே ங்காய் முதல் மனிதனாகிய கிக்குயூவை மலையுச்சிக்கு அழைத்து, கீழே அத்திமரங்கள் அடர்ந்து நின்ற நாட்டைக் காட்டி, அதனை அவனுக்கு அளித்தான். முண்பி என்னும் துணைவியையும் தந்தான். முண்பி என்றால் வனைபவள், குயவனைப் போல உருவாக்குபவள் என்று பொருள். இவர்களுக்குப் பிறந்தவர் ஒன்பதின்மர் புதல்வியர். மைந்தர் இல்லை. பின்னர், அத்திமரத்தடியிலே பலியிட்டு வேண்டியபோது ஒன்பது இளைஞர் தோன்றினர். அப்புதல்வியர் வழியாகவே கிக்குயூக் கிளைகள் உண்டாயின என்பது கதை. உண்மையிலே அவர் பதின்மர் என்றும், ஆட்களைச் சரியாக எண்ணினால் தீங்கு நேரும் என்று அஞ்சி 'நிறைந்த ஒன்பது' என்று சொல்வர் என்றும் கூறுவர். வஞ்சிரு, வம்புயி, வங்காரி என்னும் அப்புதல்வியர் பெயரை இன்றும் நைரோபி நகரத்துப் பெண்கள் தாங்கியிருக்கின்றனர்.

இக்கதையை ஒரு சிறுவன் கேட்கும்போது அவன் கற்பது யாது? நிலம் இறைவன் தந்தது. அது முன்னோரிடமிருந்து வந்தது. இனிப் பிறக்கப் போகின்றவர்களுக்கும் உரியது. ஆகவே அதனைத் தன்னிச்சையாக விற்பதும் பாழாக்குவதும் களவுக்கு நிகராம். இதனை ஒருவரும் அவனுக்கு விதியாக ஓதவில்லை. இரவிலே அடுப்படியில் அமர்ந்து கேட்ட கதை அதனைச் செய்துவிடுகின்றது.

பெயரிடும் முறையிலும் இத்தகைய பாடம் ஒன்று அமைந்திருக்கின்றது. மூத்த மகனுக்குத் தந்தையின் தந்தை பெயர். இரண்டாம் மகனுக்குத் தாயின் தந்தை பெயர். பெண்மக்களுக்கும் இவ்வாறே பாட்டியர் பெயர். இது நமக்குப் புதிதன்று. பாட்டன் பெயரைத் தாங்குவோன் என்னும் பொருளிலேதான் 'பெயரன்' என்னும் சொல் நம்மிடையே பேரன் ஆயிற்று. ஆனால் கிக்குயூ மக்கள் ஒரு படி மேலே சென்றனர். பேரனும் பாட்டனும் ஒரே தலைமுறையினர் என்று கருதி, ஒத்த வயதுத் தோழர்போல ஒருவரையொருவர் கேலி செய்ய அவர்களுக்கு உரிமை அளித்தனர். தந்தையிடம் கேட்கக் கூசும் வினாக்களைப் பிள்ளைகள் பாட்டன் பாட்டியரிடமே கேட்டனர். இளமைப் பருவத்து உடலுணர்ச்சியைப் பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் இவ்வழியாகவே வந்தன. ஒழுக்கத்தைக் கற்பிப்போர், தண்டிப்பவராக இல்லாமல் சிரித்துப் பேசக்கூடியவராக இருக்க வேண்டும் என்பதை அம்மக்கள் எவ்வாறோ கண்டுகொண்டனர்.

மாலையானதும் நொடிகள் தொடங்கும். ஒருவர் நொடி போட மற்றவர் அவிழ்க்க வேண்டும். அவிழ்க்கத் தெரியாதவர் தோற்றுக் கொடுக்க வேண்டும். பகலிலே சிறுவர்க்கு வேறு வகைப் பயிற்சி. இரண்டு மூன்று மந்தைகளை ஒன்றாகக் கலந்துவிட்டு, உன் வீட்டு ஆடுகளைப் பிரித்துக் கொண்டுவா என்று தந்தை சொல்வார். சில ஆடுகளை மறைத்து வைத்துவிட்டு, எல்லாம் வந்தனவா பார் என்பார். இதிலே சமயம் எங்கே இருக்கின்றது என்று நேயர்கள் வினவலாம். அந்த ஆடே நாளை அத்திமரத்தடியிலே பலியாகப் போகும் ஆடு. முழுக்க ஒரே நிறமுடையதாகவும் குறையற்றதாகவும் அது இருத்தல் வேண்டும். அதனை மேய்த்த பையனே அதன் குறைநிறைகளை நன்கறிவான்.

மழை பொய்த்துவிட்டால் முதியோர் கூடி, முகுமோ எனப்படும் திருவத்தி மரத்தை நோக்கி ஊர்வலமாகச் செல்வர். பாலும் தேன்மதுவும் நிறைந்த சுரைக்குடுக்கைகளைச் சுமந்து செல்வோர் யாரெனின், ஒரு சிறுவனும் ஒரு சிறுமியும். எட்டு வயதைத் தாண்டாதவர். உள்ளத்தாலும் உடலாலும் மாசுபடாதவர் என்ற காரணத்தாலே தெரிந்தெடுக்கப்பட்டவர். ஊர் முழுவதும் மழைக்கு ஏங்கும் வேளையில், ஊருக்காக இறைவன் முன் நிற்கும் பொறுப்பு ஒரு குழந்தையின் கையிலே கொடுக்கப்படுகின்றது. அக்குழந்தை அதனை வாழ்நாளில் மறக்குமோ?

அந்த அத்திமரத்தைப் பற்றி மற்றுமொரு செய்தி. 2004 ஆம் ஆண்டிலே சமாதானத்துக்கான நோபெல் பரிசைப் பெற்ற வங்காரி மாத்தாய் அம்மையார், கெனியாவின் நியெரிப் பகுதியிலே 1940 இல் பிறந்தவர். சிறுமியாயிருந்தபோது விறகு பொறுக்கச் சென்றால், அத்திமரத்தின் சுள்ளியைத் தொடாதே, அது இறைவனுடைய மரம் என்று தாயார் சொல்லுவாராம். அம்மரத்தடியிலிருந்து ஓர் ஊற்றுப் பெருகி ஓடையாயிற்று. அமெரிக்காவிலே உயிரியல் பயின்று திரும்பிவந்தபோது அவர் கண்டது என்ன? நிலம் கைமாறியிருந்தது, மரம் வெட்டப்பட்டிருந்தது, ஓடை வற்றியிருந்தது. அத்தியின் ஆழ்ந்த வேர் பாறையைப் பிளந்து நிலத்தடி நீரை மேலே வரச் செய்கின்றது என்பதைப் பின்னரே அவர் அறிந்தார். தாயாருக்கு அந்தக் காரணம் தெரியாது. தொடாதே என்ற விதிமட்டும் தெரியும். காரணம் தெரியாத விதி, நிலம் வேறொருவர் கைக்குப் போனதும் தன்னைக் காத்துக்கொள்ள வல்லதாய் இல்லை. 1977 இல் மாத்தாய் அம்மையார் தொடங்கிய மரநடுகை இயக்கம், அந்த விதிக்குக் காரணத்தைச் சேர்த்துப் பெண்களுக்குக் கற்பித்தது எனலாம். அவர் 2011 இல் மறைந்தார்.

இனி, அச்சத்தைப் பற்றிப் பேசவேண்டும். பழைய கிக்குயூ ஒழுக்கத்தின் ஒரு தூண் அன்பென்றால் மற்றொரு தூண் அச்சமே. விலக்கப்பட்ட செயலைச் செய்தவனைத் தாஹு என்னும் தீட்டுப் பற்றும். பிணத்தைத் தொட்டாலும் தாஹு. சில உறவினரோடு முறைதவறினாலும் தாஹு. அது செய்தவனோடு நில்லாது. வீட்டாரையும் கால்நடையையும் தாக்கும். நீக்குவதற்கு முண்டு முகோ என்னும் மருத்துவ குரு வரவேண்டும். குற்றம் செய்தவன் அதனை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சடங்கிலே அதனை உமிழ்ந்து கக்குவதுபோல் நடிக்கவும் வேண்டும். பெற்றோரைப் புறக்கணித்த மகனுக்கு, சாகுந் தறுவாயிலுள்ள தந்தை இடும் சாபம் இன்னுங் கொடியது. அதற்கு அவர் மொழியிலே 'கிருமி' என்று பெயர். நம்முடைய கிருமியோடு அதற்கு யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் இரண்டுக்கும் மக்கள் அஞ்சினர்.

குற்றத்தை மறைக்காமல் ஒப்புக்கொள்ளச் செய்யும் முறை நல்லதே. ஆனால் அச்சத்தைக் காவலாக வைத்தால் அது குற்றமற்றவரையும் கடிக்கும். நைசீரிய நாட்டினுள்ளேயே இதற்குச் சான்று உண்டு. அங்கே இக்போ மக்கள், இரட்டைக் குழந்தை பிறத்தல் நிலத்தெய்வத்துக்கு ஒவ்வாத மாசு என்று கருதி, அக்குழந்தைகளைக் காட்டிலே விட்டுவிடும் வழக்கம் முற்காலத்தில் இருந்தது. அவர்களுக்கு மேற்கே வாழும் யொரூபா மக்களோ இரட்டையரைத் திருவருளின் அடையாளமாகக் கொண்டாடினர். இறந்துபோன இரட்டையருக்கு மரப்பாவை செதுக்கிப் பேணினர். இவ்விரு சமயங்களின் பிள்ளைகளும், தத்தம் முதியோர் சொன்னதையே அறமென்று நம்பி வளர்ந்தனர் என்பதை எண்ணும்போது உள்ளம் நடுங்குகின்றது. சமயம் கற்பித்ததனால் மட்டும் ஒன்று நல்லொழுக்கம் ஆகிவிடாது.

கானா நாட்டு மெய்யியலறிஞர்களான குவாசி விரேடு, குவாமே ஜேக்கே ஆகிய இருவரும் இங்கேதான் ஒரு முக்கியமான வினாவை எழுப்பினர். அக்கான் மக்களின் அறம் உண்மையிலே சமயத்திலிருந்து பிறந்ததா? இறைவன் ஒரு மலைமீது வந்து கட்டளைகளை அருளியதாக அக்கான் மரபிலே கதை இல்லை. வெளிப்படுத்தப்பட்ட மறை இல்லாத இடத்திலே இறைகட்டளையை அறத்தின் மூலம் என்று கூறவியலாது. மனிதருக்கு நன்மை தருவது எதுவோ, கூடிவாழ்தலைக் காப்பது எதுவோ அதுவே அவர்களுக்கு நன்று. அவ்வாறு கண்ட நன்மைக்கு இறைவனும் முன்னோரும் காவலராக நிற்கின்றனர், அவ்வளவே என்பது இவர்கள் வாதம். எல்லாரும் இதனை ஏற்கவில்லை. எம்பிட்டியைப் போன்றோர், சமயத்தையும் வாழ்வையும் ஆபிரிக்கர் பிரித்ததே இல்லையே என்பர். எனக்கு விரேடுவின் பக்கமே வலிமை உடையதாகத் தோன்றுகின்றது. ஏனெனில், காவலரை மாற்றினாலும் நன்மை நிலைக்கும் என்பதற்கு அவ்வாதத்திலே இடமுண்டு.

யொரூபா மக்களிடையே வழங்கும் கதை ஒன்றையும் இவ்விடத்திலே கூறிச் செல்கின்றேன். 'ஈவா' என்னும் அவர்தம் சொல்லுக்கு ஒழுக்கம் என்றும் பொருளுண்டு. இருத்தல் என்றும் பொருளுண்டு. ஈவா என்பவள் ஒரு பெண். பொறுமை என்பவனுடைய மகள். ஞானத்தின் தெய்வமாகிய ஒருண்மீலா அவளை மணந்தான். அவள் நடையுடையிலே குறைகண்டு ஓயாமற் கடிந்துகொண்டான். அவள் தந்தை வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் போனதும் அவனுடைய செல்வமும் மதிப்பும் போயின. வீடுவீடாக அவளைத் தேடி அலைந்தான். ஞானத்துக்கே தெய்வமானவனும் ஒழுக்கத்தை இழந்து வருந்தினான் என்னும் இக்கதை, ஈபா எனப்படும் குறிநூலிலே உள்ளது. நூல் என்றேனாயினும் அது ஏட்டிலே இருந்ததன்று. 256 பகுதிகளாக, குருமாரின் நினைவிலேயே இருந்தது. மாணாக்கர் சிறுவயதிலேயே குருவின் வீட்டிற் சேர்ந்து ஆண்டுக்கணக்காக மனனம் செய்வர். இதனை மனித குலத்தின் அரிய மரபுச் செல்வம் என்று யுனெஸ்கோ 2005 இல் அறிவித்தது.

மீண்டும் கிக்குயூ நாட்டுக்கு வருவோம். அங்கே அறக்கல்வியின் முடி, இருவா என்னும் சடங்கு. ஆணும் பெண்ணும் இளமையின் வாயிலை அடையும்போது உடலிலே கத்திபடும் சடங்கு அது. ஆணுக்கு விருத்தசேதனம், பெண்ணுக்கு அவள் உறுப்பின் ஒரு பகுதியை அறுத்தல். கத்திபடும் கணம் சிறிது. அதற்கு முன்னும் பின்னும் நடைபெறும் போதனை பெரிது. முன்னோர் வரலாறு, நிலவுரிமை, இல்லற நெறி, இச்சையை அடக்கும் முறை, நோவிலே முகஞ்சுளியாத துணிவு ஆகிய யாவும் அந்நாட்களிலே பாட்டாகவும் ஆடலாகவும் கற்பிக்கப்பட்டன. ஒரே ஆண்டிற் சடங்கு பெற்றோர் ரீக்கா என்னும் ஒரு வயதுக்குழுவினர் ஆயினர். அவ்வாண்டில் நடந்த பஞ்சமோ நோயோ குழுவுக்குப் பெயராகும். ஒருவன் தவறு செய்தால் அவனுடைய ரீக்காத் தோழரே அவனைத் திருத்துவர். அவன் மானம் அவர்களுடைய மானம். தொல்பொருளறிஞர் லூயி லீக்கி, மிசனரித் தந்தைக்குப் பிறந்த வெள்ளையராயிருந்தும், கிக்குயூச் சிறுவரோடு வளர்ந்து அவர்களோடு ஒரு வயதுக்குழுவிலே சேர்க்கப்பட்டார்.

பெண்களுக்குச் செய்யப்பட்ட அறுத்தல் கொடியது என்பதிலே ஐயமில்லை. குருதிப் பெருக்கினாலும் பின்னர் மகப்பேற்றிலும் அதனால் உயிர் நீத்தோர் உளர். ஸ்கொத்லாந்துத் திருச்சபை மருத்துவமனையிலே இதனைக் கண்ணாரக் கண்டவர் வைத்தியர் யோன் ஆதர். 1929 இல் அவரும் அவரைச் சார்ந்த மிசன்களும் ஒரு கட்டளை பிறப்பித்தனர். இச்சடங்கைக் கைவிடுவதாகச் சபையினரும் ஆசிரியரும் கைச்சாத்திடவோ பெருவிரல் அடையாளம் வைக்கவோ வேண்டும். மறுப்போர் சபையிலிருந்து நீங்க வேண்டும் என்பது அக்கட்டளை. விளைவு யாது? பள்ளிக்கூடங்கள் வெறுமையாயின. மிசனரிமாரைப் பழிக்கும் முதிரிகு என்னும் ஆடற்பாட்டு நாடெங்கும் பரவியது. 1930 இல் அரசாங்கம் அதனைத் தடைசெய்தது. நிலத்தைப் பறித்தவர்கள் இப்போது நம் பிள்ளைகளையும் பறிக்க வருகின்றனர் என்று மக்கள் எண்ணினர். அவர்கள் தாமே பள்ளிகளை அமைத்தனர். 1939 இலே கித்துங்குரியில் அவர்கள் நிறுவிய ஆசிரியர் கலாசாலையை, 1952 ஆம் ஆண்டின் அவசரகால நிலையின்போது அரசாங்கம் மூடிவிட்டது. கூகி வா தியாங்கோ என்னும் பேரெழுத்தாளர் 1965 இல் வெளியிட்ட நாவல் ஒன்று இப்பூசலை அடிப்படையாகக் கொண்டதே.

கெனியாத்தா தம் நூலிலே சடங்கின் பக்கம் நின்றார். உடலிலே செய்யப்படும் செயலைமட்டும் பார்க்காதீர். குலத்தின் கல்வி முழுவதும் அதனோடு பிணைந்திருக்கின்றது என்பது அவர் வழக்கு. பிணைந்திருந்தது உண்மையே. ஆனால் அப்பிணைப்பை அவிழ்க்க இயலாதா என்னும் வினாவை அவர் கேட்கவில்லை. மிசனரிமாரோ, கத்தியைக் கண்டனர். அதைச் சூழ்ந்திருந்த கல்விக்கழகத்தைக் காணவில்லை. இருசாராருக்கும் இடையிலே அகப்பட்டவர் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளைகள். அவர்களிடம் ஒருவரும் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை.

அவர்கள் தாமே பேசிய சந்தர்ப்பம் ஒன்று பின்னர் வந்தது. கெனியா மலையின் கீழ்ச்சரிவிலே வாழும் மேரு மக்களின் முதியோர் அவை, 1956 இல் பெண்களுக்கான இச்சடங்கைத் தடைசெய்தது. உடனே என்ன நடந்தது தெரியுமா? சிறுமியர் கூட்டமாகக் காட்டுக்குச் சென்று, சவர அலகுகளை வாங்கி ஒருவருக்கொருவர் தாமே அச்செயலைச் செய்துகொண்டனர். 'நானே செய்துகொள்வேன்' என்னும் பொருளுடைய ங்கைத்தானா என்னும் பெயர் அவர்களுக்கு வழங்கிற்று. மூன்றாண்டுகளிலே 2,000 பேருக்கு மேற்பட்டோர் மீது வழக்குத் தொடரப்பட்டது. நோவைத் தரும் ஒன்றை விலக்கினால் பிள்ளைகள் மகிழ்வார்கள் என்று எண்ணிய பெரியோர், அந்நோவின்றேல் தாம் என்றும் சிறுமியராகவே இருந்துவிடுவோம் என்ற பிள்ளைகளின் அச்சத்தை உணரவில்லை.

ஆண்பிள்ளைகளின் சடங்கு இன்று பெரும்பாலும் வைத்தியசாலையிலே, ஆண்டிறுதி விடுமுறையில், சில நிமிடங்களில் முடிந்துவிடுகின்றது. போதனைக்குரிய நாட்கள் சுருங்கின. அவ்வெற்றிடத்திலே நுழைந்தவர் எல்லாரும் நல்லவர் அல்லர். முங்கிக்கி என்னும் கூட்டம், கிக்குயூ முன்னோரின் சமயத்துக்குத் திரும்புவோம் என்று வேலையற்ற இளைஞரைத் திரட்டியது. பின்னர் கப்பம் வாங்கவும் கொலை செய்யவும் தலைப்பட்டது. 2002 இல் அது தடைசெய்யப்பட்டது. மலையை நோக்கித் தொழக் கற்ற இளைஞர்க்கு, தம் தவறைக் கண்டிக்கும் பாட்டனோ ரீக்காவோ இல்லாது போயிற்று. வெறும் தொழுகை ஒழுக்கத்தைத் தரவில்லை. சில திருச்சபைகள் இப்போது, தாம் ஒருகாலத்திலே துரத்திய அத்தனித்துறை நாட்களைத் திருச்சபை மண்டபத்திலேயே நடத்துகின்றன. வரலாற்றுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு போலும்.

பெண்பிள்ளைகளின் செய்தி சிறிது ஆறுதல் தருவது. கெனியாவில் 1998 இல் எடுத்த கணக்கின்படி 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 38 பேர் அறுக்கப்பட்டவர். 2014 இல் இத்தொகை 21 ஆயிற்று. 2022 இல் 15. 2011 இல் இயற்றப்பட்ட சட்டமொன்று அதனை முற்றாகத் தடுக்கின்றது. சட்டமும் பள்ளிப் படிப்பும் இதற்குப் பெருங் காரணம் என்பது உண்மை. ஆனால் சட்டத்துக்கு முன்னரே, மேரு மக்களின் அயலவரான தரக்கா மக்களின் ஊரொன்றிலே, 1996 இல் சில தாய்மார் வேறொரு வழியைத் தொடங்கினர். கெனியாவின் பெண்கள் இயக்கமொன்று அவர்களுக்குத் துணைநின்றது. பெண்பிள்ளைகளை முன்போலவே ஒரு கிழமை தனியே வைத்தனர். முன்போலவே உறவுப் பெண்கள் சென்று, உடலைப் பற்றியும் இல்லறத்தைப் பற்றியும் முதியோரைப் பேணுதல் பற்றியும் போதித்தனர். புதிதாக, நோய்களைப் பற்றியும் படிப்பைத் தொடர்வது பற்றியும் சேர்த்துக்கொண்டனர். இறுதி நாளன்று ஊர்கூடிப் பாட்டும் ஆடலும் விருந்தும் பரிசுகளும் இருந்தன. கத்தி மட்டும் இல்லை.

இம்முறை எங்கும் பலித்தது என்று சொல்லமாட்டேன். பெண்களின் சடங்கு பழைமையிலே ஊரறியப் பெருவிழாவாக நடந்த இடங்களிலே இது வேரூன்றிற்று. வீட்டினுள்ளே மறைவாக நடந்த இடங்களிலே, மாற்றீடு செய்ய ஒரு விழாவே இருக்கவில்லை. கத்தியில்லாத சடங்கு சடங்காகுமோ என்று தலையசைத்த பாட்டியரும் இருந்தனர். அவர்களுட் சிலர் பின்னர் தாமே போதிக்க வந்து அமர்ந்தனர். பாட்டுக்களை அறிந்தவர் அவர்கள்தாமே. அந்தப் புதிய சடங்குக்குத் தரக்காப் பெண்கள் தம் மொழியிலே 'ந்தனிரா நா முகம்போ' என்று பெயரிட்டனர். சொல்லினாலே செய்யும் சடங்கு என்பது அதன் பொருள்.